காக்கைநிழல் தாழி

ஆட்டு விலாவை வெட்டிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய் நின்று கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று மெல்வினுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும். சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் போட்டுப் பிசைந்துகொண்டு நின்றான். வெர்னா எட்சிட்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தி தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"உட்காரு. காபி இருக்கு," என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வறுத்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த டார்லீனுக்குத்தான் பொறுக்கவில்லை. டார்லீன், வெர்னாவின் கணவனுக்குத் தங்கை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊர்ச் செய்தி எதுவும் தன்னைத் தாண்டிப் போனதில்லை என்ற கர்வம் அவளுக்கு. அண்ணி பள்ளத்தாக்கைக் காக்கும் ரேஞ்சர் உடுப்பைப் போட்ட நாளிலேயே, சம்பளமில்லாத இன்னொரு ரேஞ்சராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டாள்.

"என்ன மச்சான், மூஞ்சி நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு. லொரிண்டா வீட்டை விட்டுத் துரத்திட்டாளா?"

மெல்வின் சிரிக்கவில்லை. டார்லீன் ரொட்டியைக் கீழே வைத்தாள். மாமன் மகனைக் கேலி செய்வது அவர்களிடையே பாசத்தின் அடையாளம். பதிலுக்கு ஒரு கேலி திரும்பி வரவில்லை என்றால் விஷயம் பெரிது.

"தாழியைக் காணோம்," என்றான்.

கத்தி நின்றது.

காக்கைநிழல் பள்ளத்தாக்கின் உள்மடிப்பில், சரிந்தேறும் மண்மேட்டின் தலையில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பாறைக் குடைவு. உள்ளே இடிந்த ஒரு பழைய வீட்டுச் சுவர், வாயில் ஒரு சோளத் தாழி. எந்தக் காலத்து ஜனங்களோ வைத்துவிட்டுப் போனது. இரண்டு கையும் சேர்த்து அணைத்தால்தான் அடங்கும் பருமன். நெடுகிலும் விரிசல் ஓடியும் விழாமல் நின்ற அதை, ஓடை மணலில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி. பள்ளத்தாக்கைப் பார்க்க வந்து மெல்வினின் வழிகாட்டலில் போகும் நடைக்காரர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஊர்க்காரர்கள் குடைவுக்குள் கால் வைக்க மாட்டார்கள். செத்தவர்களின் வீட்டில் நமக்கு என்ன வேலை?

"காலையில ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனேன். தாழி இருந்த இடம் காலி. கருந்தோல் மேல ஒரே வரிசையா தடம், குடைவு வரைக்கும். போனதுக்குத் தடம் இருக்கு அக்கா, வந்ததுக்கு இல்ல."

கருந்தோல் என்றால் அந்த மண்ணின் மேல் கறுத்துத் தடித்திருக்கும் உயிருள்ள பொருக்கு. காற்றில் மண் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஒருமுறை மிதித்தால் மிதித்தவனின் ஆயுளுக்குள் ஆறாது. அதனால்தான் பள்ளத்தாக்கில் எல்லோரும் ஓடை மணலிலும் வெறும்பாறையிலும் மட்டுமே நடப்பார்கள்.

"பூட்ஸ் தடமா?" என்று கேட்டாள் டார்லீன்.

"இல்ல. வழவழன்னு இருக்கு. லொரிண்டா தைச்ச கம்பளி உறை." அவன் குரல் உள்ளே போயிற்று. உள்மடிப்புக்குப் போகிறவர்கள் பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ள அவன் மனைவி தைத்த உறைகள் அவை. பள்ளத்தாக்கு வாசலில் உள்ள பெட்டியில் பூட்டில்லாமல் கிடக்கும். "வீலாக் அங்கேயே நின்னு சொல்றான். திரும்பின தடம் இல்லேன்னா கயித்தைக் கட்டி மேல ஏறியிருக்கான், இந்த ஊர்ல கயிறு வச்சிருக்கிறவன் மெல்வின் ஒருத்தன்தான்னு. நாளைக்குக் காலையில தலைமை அலுவலகத்து ஆளு வர்றாரு. ஆளுங்களைக் கூட்டிட்டுப் போற என் அனுமதியைப் பிடுங்கிட்டு, பள்ளத்தாக்கை வீலாக்கோட விடுதிக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போறாங்க."

வீலாக்கை ஊருக்கே தெரியும். இரும்புப் படிக்கட்டு, வண்ண விளக்கு, குடைவுக்கு எதிரே காபிக் கடை என்று படம் போட்ட தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக அலைகிறவன். முதல்முறை வந்தபோதே வண்டியைக் கருந்தோல் மேல் ஓட்டி நிறுத்திவிட்டு, "வெறும் அழுக்குதானே?" என்று கேட்டான். அந்தச் சக்கரத் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

"நீ எடுத்தியா?" என்று கேட்டாள் வெர்னா.

"அக்கா!"

"கேட்கணும்ல."

"இல்ல."

"சரி. காபியைக் குடி. டார்லீன், அந்த மாவு மூட்டையை வண்டியில ஏத்து."

"மாவு எதுக்கு அண்ணி?"

"வழியில பசிச்சா திங்கத்தான்."

டார்லீன் முனகிக்கொண்டே மூட்டையைத் தூக்கினாள். அண்ணியிடமிருந்து விஷயத்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்பது அவளுக்குப் பழக்கம்தான்.

பள்ளத்தாக்கின் வாசலில் மார்கோ டீச்சர் நின்றிருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். எங்கிருந்தோ வந்து இருபத்தாறு வருடம் இங்கேயே இருந்துவிட்டாள். ஊர் மொழியைத் தடங்கலில்லாமல் பேசுவாள். பணி ஓய்வுக்குப் பிறகு சம்பளம் வாங்காமல் பள்ளத்தாக்குக்குக் காவல் இருக்கிறாள். டார்லீன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, கருந்தோலில் தவறிக் கால் வைத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மைதானத்தில் மாவைக் கொட்டி நடந்து காட்டியவளும் இவள்தான். "அப்படியே நில்லு. திரும்பு. வச்ச தடத்துலயே காலை வச்சு வெளியே வா. புதுசா ஒரு தடம்கூடக் கூடாது." ஊரில் குழந்தைகள் இன்றைக்கும் அதை ஒரு விளையாட்டாக விளையாடுகிறார்கள்.

டீச்சர் மெல்வினைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"வெர்னா, அந்த மண்ணைப் பார்த்தியா? வயிறு எரியுது. எத்தனை வருஷமாச்சு அது வளர. ஏதோ ஒரு வரிசையோட போச்சே, அதைச் சொல்லு."

"ஆமா டீச்சர்," என்றாள் வெர்னா.

உள்மடிப்பில் வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மெல்வின் ஓடையிலேயே நின்றுவிட்டான். வெர்னா வெறும்பாறையில் மல்லாந்து கிடந்த ஒரு பலகைக் கல்லின் மேல் குப்புறப் படுத்து, முதல் தடத்தை மூக்கு தொடுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து டார்லீனைப் படுக்கச் சொன்னாள்.

"என்ன தெரியுது?"

"தடம். ஆள் பறந்து போயிட்டான்."

"வாயை மூடிட்டு கண்ணைத் திற. எந்தப் பக்கம் ஆழமா இருக்கு?"

"குதிகால் பக்கம்." டார்லீன் தலையைச் சாய்த்தாள். "இரு இரு. விரல் பக்கமும் ஆழமா இருக்கே. ரெண்டு பக்கமும் குண்டா குழிஞ்சிருக்கு அண்ணி."

"அடுத்தது?"

"அதுவும் அப்படித்தான்."

வெர்னா தலையசைத்தாள். மேலே, குடைவின் கூரைக்கு மேலிருந்த பாறை விளிம்பைக் காட்டி, "நீங்க ஓடை வழியா வர்றதுக்குள்ள அங்க ஏறிப் பார்த்துட்டுத்தான் வந்தேன். இந்தக் கல்லு சோப்பு மாதிரி. கயிறு ஒருதடவை உரசினா கோடு விழும். ஒரு கோடும் இல்ல," என்றாள்.

"அப்போ கயிறு இல்ல. மெல்வின் இல்ல. இதை அந்த வீலாக் மூஞ்சில சொல்லிட்டு வந்துடலாமே?"

"சொன்னா, வந்த வழியே திரும்பிப் போனான், அவ்வளவுதானேன்னு சொல்லுவான். மூட்டையை எடு."

ஓடை மணலில் வெர்னா ஒரு கோடு கிழித்தாள். மாவு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வரும்படி டார்லீனிடம் சொன்னாள். போகும்போது டார்லீன் வெறுங்கையோடு நடந்தாள். அழகாக விழுந்தன தடங்கள். மூட்டையை வாங்கி அணைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் வினை. மூட்டைக்குக் கீழே அவள் கால் அவளுக்கே தெரியவில்லை. முதல் அடி தடத்தை விட்டு விலகியது. இரண்டாவது அடி அதைவிட விலகியது. மூன்றாவதில் மூட்டையோடு குப்புற விழுந்து முகமெல்லாம் வெள்ளையானாள். மெல்வின் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தான்.

"மச்சான், சிரி சிரி," என்றாள் டார்லீன், வாயிலிருந்த மாவைத் துப்பிக்கொண்டு. "அண்ணி, முதுகுல கட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"விரிசல் விட்ட தாழி. தன் கனத்துலதான் நிக்குது. கட்டித் தூக்கினா ஓடு ஓடா போயிருக்கும். தரையில ஒரு சில்லுகூடப் புதுசா இல்ல."

டார்லீன் முகத்தைத் துடைப்பதை நிறுத்தினாள். குடைவைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்: குடைவுக்குப் பக்கவாட்டில், நிழல் விழுந்திருந்த சுவர்.

அந்தச் சுவரை அந்நியர் முன்னால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு வழி இருக்கிறது. வெறும்பாறையிலேயே போய்க் குடைவின் ஓரத்தில் முடியும். தப்பிய ஆடுகளைத் தேடி அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஏறியிருக்கிறார்கள். குடைவின் விளிம்பில் நின்று, உள்ளே போகாமல், சிறுகல்லை வீசி ஆட்டை வெளியே கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் இந்தப் பழங்குடியை ஊரோடு பிடித்துப் போக வந்த பட்டாளத்திடமிருந்து தப்பி ஓடியவர்கள் பிழைத்ததும் அந்த வழியால்தான். அதை வெளியாளிடம் சொல்வதில்லை. கல்யாணம் கட்டி வந்தவர்களுக்குக்கூடக் குழந்தை பிறந்த பிறகுதான் சொல்வார்கள்.

"நான் ஏன் கருந்தோலை மிதிக்கப் போறேன் அக்கா?" என்றான் மெல்வின் மெதுவாக. "அந்த வழி இருக்கும்போது. இதை நாளைக்கு எப்படிச் சொல்லுவேன்? சொன்னா நான் தப்பிச்சிருவேன். வழி போயிரும். அடுத்த மாசமே வீலாக் அதுல கம்பி நட்டுடுவான்."

"சொல்லாதே," என்றாள் வெர்னா.

"சொல்ல மாட்டேன். அனுமதியைப் புடுங்கட்டும். சோத்துக்கு வேற வழி பார்த்துக்கறேன்." அவன் கண்ணில் நீர் நின்றது. ஆனால் தலை குனியவில்லை. டார்லீனுக்கு அவன் மேல் அப்போது வந்த பெருமையைச் சொல்லி மாளாது. அவனைத் திட்டுவது போல ஒரு குத்து விட்டாள் தோளில்.

மறுநாள் காலை ஓடை மணலில் ஊரே கூடியிருந்தது. பழங்குடித் தலைமை அலுவலகத்திலிருந்து ஆர்வின் நகாய் என்ற அதிகாரி வந்திருந்தார். குறைவாகப் பேசுகிறவர், அவர்கள் இனத்து மனிதர். வீலாக் சுருட்டிய தாள்களோடு நின்றான். மார்கோ டீச்சர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் மெல்வினுக்காகப் பன்னிரண்டு நடைக்காரர்கள் காத்திருந்தார்கள். நடை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

வீலாக்தான் ஆரம்பித்தான். "எனக்கு மெல்வின் மேல கோபம் எதுவும் இல்ல. ஆனா நீங்களே பாருங்க. உங்ககிட்ட இருந்த ஒரே ஒரு தாழியை உங்களால காப்பாத்த முடியல. நாங்க கேமரா வைப்போம், வேலி போடுவோம்."

"தாழி போகல," என்றாள் வெர்னா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆங்கிலத்தில், வீலாக்குக்கும் புரியும்படி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தடத்தில் இரண்டு பக்கமும் குதிகால் பதிந்திருக்கிறது. போனவர் அதே தடத்தில் கால் வைத்துத் திரும்பியிருக்கிறார். ஒரு தடம்கூட விலகவில்லை. அப்படியென்றால் திரும்பும்போது தன் காலைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார்.

"தாழியை அணைச்சுட்டு வர்றவங்களுக்குக் கால் தெரியாது. வேணும்னா டார்லீனைக் கேளுங்க."

"மாவு இன்னும் காதுக்குள்ள இருக்கு," என்றாள் டார்லீன். கூட்டம் சிரித்தது.

"ஆக, வெறுங்கையோட திரும்பியிருக்காங்க. தாழி குடைவுக்குள்ளதான் இருக்கு. உள்ள இருக்கிற பழைய சுவருக்குப் பின்னால, மணல்ல. உள்ள போய்த் தேடமாட்டோம்னு எங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் பண்ணின வேலை."

வீலாக் ஒரு கணம் திகைத்தான். பிறகு சுதாரித்துக்கொண்டான். "உங்களைத் தெரிஞ்சவர்னா என்ன? உங்கள்ல ஒருத்தர்தான். தடத்துலயே திரும்பி நடக்கிற வித்தை உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குத்தானே தெரியும்? என் ஆளுங்க யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது, ஒத்துக்கறேன். அப்ப மெல்வினும் அதுல சேர்த்திதானே?"

நியாயமான கேள்வி. அதுதான் டார்லீனுக்கு எரிச்சலாக இருந்தது. அதற்குப் பதில் இருக்கிறது. அதை இவன் காதில் போட முடியாது. மெல்வினைப் பார்த்தாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றான்.

வெர்னா வீலாக்கைப் பார்ப்பதை விட்டாள். ஊரைப் பார்த்துத் திரும்பினாள். ஊர் மொழிக்கு மாறினாள்.

"இனி நான் பேசறது நமக்குள்ள. குடைவுக்குப் போக வேற ஒரு வழி இருக்கு. கருந்தோலைத் தொடாம போகலாம். எங்கேன்னு நான் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும். நம்ம ஆளா இருந்தா, களவாணியா இருந்தாலும் அந்த வழியாத்தான் போயிருப்பான். மண்ணை மிதிச்சிருக்கமாட்டான். அந்த வழி தெரியாதவங்கதான் மண்ணுல நடந்தாங்க. ஆனா மண்ணு மேல நம்மளவு பாசம் உள்ளவங்க. நம்ம பழக்கம் இருக்கு, நம்ம வழி தெரியல. அப்படி இந்த ஊர்ல ஒருத்தர்தான் இருக்காங்க."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் பார்க்க மனசில்லை.

"நேத்து மண்ணுக்காக அழுதீங்க டீச்சர்," என்றாள் வெர்னா. "தாழி உடைஞ்சிருக்குமோன்னு ஒரு வார்த்தை கேக்கல."

வேலியே பயிரை மேய்ந்த கதை. டார்லீன் டீச்சரின் கையைப் பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் முதல் எழுத்தை எழுதினாள்.

மார்கோ டீச்சர் எழுந்து நின்றாள். ஊர் மொழியிலேயே பேசினாள். "எடுத்துட்டுப் போகணும்னு நினைக்கல. திருட்டுப் போச்சுன்னா மொத்தமா மூடிடுவாங்கன்னு நினைச்சேன். வீலாக்குக்கும் இல்லாம, நடைக்காரங்களுக்கும் இல்லாம, யாருக்குமே இல்லாம. இன்னைக்குப் பன்னிரண்டு பேரு. நாளைக்கு இருபது பேரு. எனக்கப்புறம் யாரு இதைப் பார்ப்பா?"

"நாங்க," என்றான் மெல்வின்.

டீச்சர் அவன் பக்கம் திரும்பினாள்.

"நாங்க பார்ப்போம் டீச்சர். பழி என் மேல வந்துச்சே, அப்பக்கூட வாயைத் திறக்கலயே நீங்க. என்னைக் கட்டிக்கிட்டு அழுதீங்க." அவன் மணலில் ஓரடி முன்னால் வந்தான். "எங்க ஜனத்தைப் பிடிச்சு வெளியே கொண்டுபோய் இந்த இடத்தை ஒருதடவை காலி பண்ணினாங்க. அப்பத்தான் களவாணி வந்தான். இருபது தாழி இருந்துச்சாம் இங்க. நாங்க திரும்பி வந்தப்ப மிச்சம் இருந்தது இது ஒண்ணு. ஆள் இல்லாத இடம் பத்திரமா இருக்கும்னு யாரு உங்களுக்குச் சொன்னா? இது நாங்க இருக்கிறதால இருக்கு. இங்கிருந்து நாங்க போறதா இல்ல. உங்களுக்காகவும் போகமாட்டோம், அவனுக்காகவும் போகமாட்டோம்."

"என்ன பேசிக்கிறாங்க?" என்று வீலாக் அதிகாரியிடம் கேட்டான்.

ஆர்வின் நகாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்க வீட்டு விஷயம்," என்றார்.

டீச்சர் யாரும் சொல்லாமலே வாசல் பெட்டிக்குப் போனாள். கம்பளி உறையை மாட்டிக்கொண்டாள். தன் பழைய தடங்களிலேயே, ஒன்று விலகாமல், குடைவுக்கு நடந்தாள். ஊர் முழுக்க ஓடையில் நின்று பார்த்தது. பழைய சுவருக்குப் பின்னாலிருந்து கையால் மணல் தள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு தாழி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, வெளிச்சத்துக்கு வந்து, இருந்த இடத்தில் நின்றது. லொரிண்டா வாய்விட்டு அழுதாள்.

அதிகாரி மெல்வினிடம் அனுமதித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். குத்தகை பற்றி வீலாக் ஏதோ கேட்டான். "எந்தக் குத்தகை?" என்றார் அவர். டீச்சர் மீது என்ன நடவடிக்கை என்பதை எழுத்தில் கொடுக்கிறேன் என்று வெர்னா சொன்னாள். உறவு வேறு, உடுப்பு வேறு. வீலாக் தன் தாள்களைச் சுருட்டிக்கொண்டு மணலில் கால் புதையப் புதையப் போனான்.

டீச்சர் ஓடைக்குத் திரும்பி வந்து, வாசல் சாவியை எடுத்து வெர்னாவிடம் கொடுத்தாள். போகவில்லை. டார்லீனின் எதிரில் வந்து நின்றாள். பழைய மாணவியைப் பார்க்கிற கண்ணில்லை அது.

"இருபத்தாறு வருஷம்," என்றாள். "உங்க கல்யாணத்துல இருந்தேன். உங்க அப்பாவைப் புதைச்சப்ப இருந்தேன். அப்படி ஒரு வழி இருக்குன்னு ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லணும்னு நினைக்கலயா?"

டார்லீனுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

"சொல்லியிருந்தா அந்த வழியாத்தான் வந்திருப்பீங்க டீச்சர். மண்ணுல ஒரு தடம்கூட இருந்திருக்காது. பழி மெல்வின் மேலயே நின்னு, அவன் போயிருப்பான்."

டீச்சர் குனிந்து கம்பளி உறைகளைக் கழற்றி மணலில் வைத்தாள்.

மெல்வின் அதற்குள் பெட்டியிலிருந்து உறைகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற பன்னிரண்டு பேரையும் சத்தமாகக் கூப்பிட்டான்.

"வாங்க, நேரமாச்சு. மணல்லயே நடங்க."